ஹெப்ரோனுக்கு ஒரு நாள்: முன்னாள் இஸ்ரேலிய ராணுவ வீரர்கள் நடத்தும் சுற்றுப்பயணம்

புனித நாடு போகிற நம் குழுக்கள் பெத்லகேமோடு திரும்பிவிடும். அங்கிருந்து இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் ஹெப்ரோன், வேதாகமத்தில் வரும் எபிரோன். சாராளை அடக்கம்பண்ண ஆபிரகாம் நானூறு சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்கிய மக்பேலா குகை இருக்கிற ஊர். எங்கள் பயண ஏற்பாட்டாளரிடம் கேட்டால், "அங்கெல்லாம் பிரச்சினைம்மா, வேண்டாம்" என்று முடித்துவிட்டார். சரி என்று, குழு கிளம்பிய பிறகு நானும் என் வீட்டுக்காரரும் கூடுதலாகத் தங்கி, 'பிரேக்கிங் த சைலன்ஸ்' அமைப்பின் ஹெப்ரோன் பயணத்தில் சேர்ந்துகொண்டோம். இது 2019-ல்.

இந்த அமைப்பை 2004-ல் தொடங்கியவர்கள் ஹெப்ரோனில் பணிசெய்து திரும்பிய இஸ்ரேலிய வீரர்கள். தாங்கள் எடுத்த படங்களை டெல் அவீவில் கண்காட்சியாக வைத்ததுதான் ஆரம்பம். அதன்பின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் வாக்குமூலங்களைத் திரட்டியிருக்கிறார்கள். வெளியிடுவதற்கு முன் அவற்றை ராணுவத் தணிக்கைக்கும் அனுப்புகிறார்கள். சுற்றிக்காட்ட வருபவரும் அங்கே துப்பாக்கி பிடித்து நின்றவர்தான். எங்களுக்கு வந்தவருக்கு முப்பது வயதுகூட இருக்காது.

என் வீட்டுக்காரர் இருபது வருடம் ராணுவத்தில் இருந்தவர். பணி பார்த்த இடங்களைப் பற்றி வீட்டில் வாயே திறக்கமாட்டார். பேருந்தில் ஏறும்போதே முகத்தைச் சுளித்துக்கொண்டு, "சீருடை போட்டவன் தன் படையைப் பற்றி வெளியாரிடம் பேசலாமா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

வழிகாட்டியான அந்தப் பையன் 1929-லிருந்து தொடங்கியது எனக்குப் பிடித்தது. அந்த வருடக் கலவரத்தில் ஹெப்ரோனில் 67 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அரபு அண்டை வீட்டார் ஒளித்துவைத்துக் காப்பாற்றியவர்களும் உண்டு. 2001-ல் துப்பாக்கிச் சூட்டில் இறந்துபோன பத்து மாத யூதக் குழந்தையைப் பற்றியும் அவரே சொன்னார். தன் பக்கத்துச் சாவுகளை விழுங்கிவிட்டுப் பேசுகிற ஆள் இல்லை என்று தெரிந்ததும் என் வீட்டுக்காரர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

முதலில் இறங்கியது இஸ்ரேல் 1967 போரில் பிடித்த இந்த நிலத்தில் வந்து குடியேறிய யூதர்களின் கிர்யாத் அர்பா குடியிருப்பில், ஒரு பூங்காவில். அங்கே பாரூக் கோல்ட்ஸ்டீன் என்ற யூதக் குடியேறியின் கல்லறை இருக்கிறது. 1994 பிப்ரவரி 25 அன்று, ரமலான் மாதத்தில், மக்பேலா குகையின் மேலுள்ள இப்ராஹிமி மசூதியில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டு 29 பேரைக் கொன்றவர். கல்லறையைச் சுற்றி ஆதரவாளர்கள் எழுப்பியிருந்த வழிபாட்டு இடத்தை 1999-ல் ராணுவமே இடித்துவிட்டது. கல்லும் அதிலுள்ள எழுத்தும் அப்படியே இருக்கின்றன. வழிகாட்டி அதை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல எனக்கு உடம்பு சில்லிட்டது. கைகளில் சுத்தமுள்ளவன், இருதயத்தில் மாசில்லாதவன். 24-ஆம் சங்கீதம். சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வசனம். அதை ஒரு கொலைகாரனின் தலைமாட்டில் வெட்டிவைத்திருக்கிறார்கள். கல்லின் மேல் மரியாதைக்காக யாரோ வைத்த கூழாங்கற்களும் இருந்தன. இதற்காக மட்டுமே வேதம் வாசிக்கிற ஒவ்வொருவரும் இங்கே வந்து பார்க்க வேண்டும் என்பேன்.

அடுத்து ஷுஹதா தெரு. ஒருகாலத்தில் ஊரின் பெரிய கடைவீதி. இப்போது இருபுறமும் பச்சை இரும்புக் கதவுகள், பல கதவுகள் பற்றவைத்து மூடப்பட்டவை. சுட்டவர் யூதர், செத்தவர்கள் பாலஸ்தீனர்கள், தெரு பூட்டப்பட்டதும் பாலஸ்தீனர்களுக்குத்தான். 1994-க்குப் பிறகு தொடங்கிய தடை, 2000-ல் இரண்டாம் இன்டிஃபாதா (பாலஸ்தீனர் எழுச்சி) வந்ததும் முழுதாக இறுகியது. 1,829 கடைகள் மூடிக்கிடப்பதாக 2007-ல் பெட்செலம் உள்ளிட்ட இரண்டு இஸ்ரேலிய மனித உரிமை அமைப்புகள் கணக்கெடுத்துச் சொல்லின. அதில் குறைந்தது 440 ராணுவ உத்தரவால் மூடியவை. பாலஸ்தீனர் காலே வைக்கக்கூடாத தெருக்களுக்கு ராணுவம் வைத்திருக்கும் பெயர் 'ஸ்டெரைல்', அதாவது கிருமி நீக்கிய தெரு. மாடியில் ஒரு வீட்டின் பால்கனி முழுக்கக் கம்பி வலை. கல்லெறிக்குப் பயந்து அடித்தது. அந்த வலைக்குள் ஒரு அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். எனக்கு அந்தத் தெருவில் நடக்க அனுமதி உண்டு. அந்த அம்மாவுக்குத் தன் வீட்டு முன்வாசல் வழியாக இறங்கக்கூட அனுமதி இல்லை.

இஸ்ரேலும் பாலஸ்தீனத் தரப்பும் செய்த 1997 ஒப்பந்தம் ஊரை எச்1, எச்2 என்று இரண்டாகப் பிரித்தது. எச்2 எனப்படும் பகுதி இஸ்ரேலிய ராணுவத்தின் கையில். அங்கே 30,000-க்கும் மேல் பாலஸ்தீனர்கள், சில நூறு யூதக் குடியேறிகள். ஒரே தெருவில் தப்பு செய்தால் ஒருவருக்கு ராணுவ நீதிமன்றம், இன்னொருவருக்கு சிவில் நீதிமன்றம்.

தெருமுனையில் நின்றுதான் அந்தப் பையன் தன் கதையைச் சொன்னார். நள்ளிரவுக்கு மேல் ஏதாவது ஒரு வீட்டைத் தட்டுவார்கள். சந்தேகம் எதுவும் வேண்டியதில்லை. குடும்பத்தை எழுப்பிச் சுவரோரம் நிறுத்தி, பெயர் எழுதி, அறைகளை வரைபடம் போட்டு, எல்லோரையும் படம் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். ராணுவம் இங்கே இருக்கிறது என்ற நினைப்பு ஊருக்குள் இருந்துகொண்டே இருக்க வேண்டும், அதுதான் உத்தரவு. முகாமுக்குத் திரும்பி, "படங்களை யாரிடம் கொடுப்பது?" என்று கேட்டாராம். "அழித்துவிடு" என்றாராம் அதிகாரி. தூக்கக் கலக்கத்தில் படுக்கையை நனைத்துக்கொண்ட ஒரு சிறுவனும் அந்தப் படங்களில் இருந்தான் என்று சொல்லும்போது அவர் எங்கள் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

அப்போது ஒரு குடியேறி காரை நிறுத்திக் கத்தத் தொடங்கினார். ஹீப்ரூ தெரியாதவர்களுக்கும் 'துரோகி' என்கிற தொனி புரிந்தது. கூட வந்த போலீஸ்காரர் வேடிக்கை பார்த்தார். வழிகாட்டி குரலை உயர்த்தவில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். இந்த அமைப்பினரைப் பள்ளிகளுக்குள் விடாமல் தடுக்கக் கல்வி அமைச்சருக்கு அதிகாரம் கொடுத்து 2018-ல் சட்டமே போட்டிருக்கிறது இஸ்ரேல் நாடாளுமன்றம்.

இவர்கள் திடீரென்று முளைத்தவர்கள் அல்ல. 1967 போர் முடிந்த சூட்டிலேயே, பிடித்த நிலத்தை விட்டு வெளியேறுங்கள், இல்லையென்றால் இந்த ஆட்சி நம்மையே கெடுத்துவிடும் என்று எச்சரித்தவர் யெஷாயாஹு லெய்போவிட்ஸ். சனிக்கிழமை ஓய்வுநாள் தவறாத பக்தியுள்ள யூதர். 1982-ல் லெபனான் போருக்குப் போக மறுத்த 'யேஷ் க்வூல்' வீரர்கள், 1988-லிருந்து வெள்ளிக்கிழமைகளில் ஜெருசலேம் சதுக்கத்தில் ஆக்கிரமிப்பை எதிர்த்துக் கறுப்பு உடையில் நின்ற பெண்கள் என்று அது ஒரு நீண்ட வரிசை. 'யூதர்கள் எல்லோரும் இப்படித்தான்' என்று நம் ஊரில் இரண்டு பக்கமும் பேசுகிறவர்களுக்கு இந்த வரிசை தெரிய வேண்டும்.

கடைசியில், டெல் ருமெய்தா மேட்டில், என் வீட்டுக்காரர் மனசில் வைத்திருந்ததைக் கேட்டேவிட்டார்: "உன் படையைப் பற்றி வெளியே பேசுகிறாயே, தப்பில்லையா?" அந்தப் பையனுக்குக் கோபம் வரவில்லை. "சார், ரோந்து போய் வந்தவன் ரிப்போர்ட் கொடுக்கணும் இல்லையா? என்னை அனுப்பியது என் நாட்டு மக்கள். அவர்களுக்குத்தான் கொடுக்கிறேன். நீங்கள் கூட இருந்து கேட்கிறீர்கள்" என்றார். என் வீட்டுக்காரர் கையை நீட்டிக் குலுக்கினார். அன்றிரவு விடுதியில், தான் முப்பது வருடமாகச் சொல்லாத ஒன்றை என்னிடம் சொன்னார். அது அவருடையது, இங்கே எழுதமாட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: நாட்டு நிலைமையைப் பார்த்துக்கொண்டு அமைப்பின் இணையதளத்தில் முன்பதிவு செய்யுங்கள். ஆங்கிலத்திலும் ஹீப்ரூவிலும் நடத்துகிறார்கள். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். ஏற்றமும் படிகளும் உண்டு, முழங்கால் வலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். ராணுவம் திடீரென்று பகுதியை மூடினால் வழி மாறும். இது ஒரு வீரனின் கண்வழியே பார்க்கிற பயணம். அந்த ஊர்க்காரர் பேசக் கேட்டது கொஞ்ச நேரம்தான். இஸ்ரேலியர்கள் பாலஸ்தீன நிர்வாகத்திலுள்ள எச்1-க்குள் போக அனுமதியில்லை. அதனால் மறுநாள் ஒரு பாலஸ்தீன வழிகாட்டியோடு பழைய சந்தைப் பக்கம் போய்வாருங்கள். இரண்டுக்கும் நேரமில்லை என்றால் கடைத்தெருவில் ஒலிவமரச் சிலுவை வாங்குகிற நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். குழு நடத்துகிற போதகர்களும் இந்த ஒரு நாளைப் பயணத் திட்டத்திலேயே சேர்க்கலாம். நான் எங்கள் சபையில் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.