செகண்ட் பேஸ்மேனுக்கு என்ன மதிப்பு? மூன்று புள்ளிவிவரத் தளங்களை வைத்துப் பார்த்தால்

அமெரிக்க பேஸ்பாலில் டிரேட் பேச்சு, அதாவது அணிகள் ஆட்டக்காரர்களைக் கைமாற்றும் பேச்சு, கிளம்பினால் எல்லோரும் முதலில் தேடுவது வார் (WAR) என்ற ஒற்றை எண்ணைத்தான். ஒருவர் அணிக்கு எத்தனை வெற்றி கூட்டித் தருகிறார் என்ற கணக்கு அது. செகண்ட் பேஸ்மேன் விஷயத்தில் அந்த எண்ணை மட்டும் நம்பினால் கணக்கு தப்பும். இவர்களின் மதிப்பில் பெரும்பங்கு ஃபீல்டிங்கில் இருக்கிறது. அதை ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு விதமாக அளக்கிறது. ஒரே களத்து நெல்லை இரண்டு ஈரப்பதமானியில் வைத்தால் ஒன்று 17 என்றும் மற்றது 18 என்றும் காட்டுவது போலத்தான். மூட்டை கொள்முதல் நிலையத்துக்குள் போகுமா, திரும்புமா என்பது அந்த ஒரு புள்ளியில் நிற்கிறது.

கும்பகோணம், மாயவரம் பக்கம் கல்லூரி அணியில் சாப்ட்பாலோ பேஸ்பாலோ ஆடியவர்களுக்கு இந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கிரிக்கெட் மட்டும் பார்ப்பவர்களுக்கு: முதல் பேஸுக்கும் இரண்டாம் பேஸுக்கும் நடுவில் நின்று தரைப்பந்தை எடுப்பவர், ஒரே பந்தில் இரண்டு அவுட் எடுக்கும் டபுள் பிளேயில் சுழன்று எறிபவர். தாளடி அறுத்த வயலில் பந்து எகிறுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த வேலையின் கஷ்டம் தெரியும்.

முதலில் ஃபேன்கிராஃப்ஸ். ஒப்பிடுவதற்கு மூன்றிலும் இதுதான் சிறந்தது. ஆட்டக்காரர் பக்கத்தில் மதிப்பு அட்டவணைக்குப் போனால் பேட்டிங், பேஸ் ஓட்டம், ஃபீல்டிங், நிலை, பதிலாள் என்று எல்லாவற்றையும் ரன் கணக்காகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பதிலாள் என்றால் குறைந்த சம்பளத்துக்கு மைனர் லீக் என்ற கீழ்மட்டத்திலிருந்து உடனே கொண்டுவரக்கூடிய ஒருவர். அவரைவிட எவ்வளவு மேல் என்பதுதான் வார். ஏறக்குறைய 10 ரன்னுக்கு ஒரு வெற்றி.

இதில் பலர் கவனிக்காமல் விடுவது நிலைக்கான ரன்கள். 162 ஆட்டம் முழுக்க ஆடினால் செகண்ட் பேஸுக்கு 2.5 ரன் கூடுகிறது, இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப்புக்கு 7.5. முதல் பேஸுக்கு 12.5 ரன் கழிகிறது, பேட் மட்டும் பிடிக்கும் டிஎச்சுக்கு 17.5. அதாவது நன்றாக அடிக்கும் செகண்ட் பேஸ்மேனை வாங்கிவந்து டிஎச்சாக வைத்தால் ஒரு சீசனில் 20 ரன், கிட்டத்தட்ட இரண்டு வெற்றி, கணக்கிலிருந்து போய்விடும். வாங்கும் அணியில் அவருக்கு எந்த இடம் காலியாக இருக்கிறது என்று பார்க்காமல் மதிப்பு பேசுவதில் பொருளே இல்லை.

இங்கே ஒரு பொறி உண்டு. டெஃப் என்ற நிரலில் நிலைக்கான ரன்னும் கலந்திருக்கிறது. கை எவ்வளவு சுத்தம், எவ்வளவு தூரம் ஓடிப் பிடிக்கிறார் என்று மட்டும் பார்க்க வேண்டுமானால் ஃபீல்டிங் நிரலை எடுங்கள். இன்னொன்று, ஆடிய அளவு. 480 முறை பேட் பிடித்து 4 வார் எடுத்தவர் 600 முறைக்கு 5 வார் ஆவார். திறமையை ஒப்பிட 600 கணக்கு சரி. விலை பேச அது ஆகாது. அடிக்கடி காயப்பட்டு உட்காருபவருக்கு அந்த 480தான் உண்மை.

அடுத்தது பேஸ்பால் ரெஃபரன்ஸ். ஃபீல்டிங்குக்கு டிஆர்எஸ் என்ற அளவையை எடுக்கிறது; கிரிக்கெட்டின் ரிவ்யூ அல்ல, ஃபீல்டிங்கால் தடுத்த ரன்களின் கணக்கு. ஃபேன்கிராஃப்ஸ் இப்போது மைதானக் கேமராக்கள் அளக்கும் ஸ்டாட்காஸ்ட் தரவைச் சார்ந்து நிற்கிறது. ஒரே ஆளுக்கு இரண்டு வார் வருவதற்கு முக்கியக் காரணம் இதுதான். இரண்டும் ஒரு வெற்றிக்கு மேல் விலகினால் உடனே ஃபீல்டிங் நிரல்களை அருகருகே வையுங்கள். பெரும்பாலும் வித்தியாசம் அங்கேதான் கிடக்கும். பேஸ்பால் ரெஃபரன்ஸில் ஓவார் (பேட்டிங் பக்கம்), டிவார் (ஃபீல்டிங் பக்கம்) இரண்டையும் கூட்டி மொத்தம் என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. நிலைக்கான ரன் இரண்டிலும் இருப்பதால் அது இரட்டைக் கணக்காகிவிடும். ஆனால் சேவைக்காலத்தையும் பழைய டிரேட் வரலாற்றையும் பார்க்க எனக்கு இதைவிட நல்ல இடம் தெரியவில்லை. ஒரு சீசனில் 172 நாள் மேஜர் லீக் அணியின் பட்டியலில் இருந்தால் ஒரு வருடம் என்பது சேவைக்காலக் கணக்கு.

மூன்றாவது பேஸ்பால் சாவண்ட். மேஜர் லீக்கின் சொந்தத் தளம், இலவசம். பெயரைத் தேடினால் வண்ணப் பட்டைகளோடு பக்கம் திறக்கும். செகண்ட் பேஸ்மேனுக்கு நான் பார்க்கச் சொல்வது இரண்டு. ஒன்று, சராசரியைவிட எத்தனை அவுட் கூடுதலாக எடுத்தார் என்ற எண்; இடப்பக்கம், வலப்பக்கம் என்று பிரித்தும் காட்டுவார்கள். இன்னொன்று ஓட்ட வேகம். நொடிக்கு 27 அடி சராசரி. முப்பது வயதைத் தாண்டியவரின் வேகம் வருடா வருடம் இறங்கினால், பேட்டிங் எண்கள் நன்றாக இருக்கும்போதே எச்சரிக்கையாகுங்கள். ஃபீல்டிங் எண்ணை ஒரு வருடத்துக்கு மட்டும் எடுக்காதீர்கள், மூன்று வருடத்தைக் கூட்டுங்கள். 2023க்கு முந்தையதைச் சேர்க்க வேண்டாம். அந்த வருடம்தான் ஷிஃப்ட் தடை, அதாவது ஃபீல்டர்களை ஒரே பக்கமாகக் குவிப்பதற்குத் தடை, வந்தது: செகண்ட் பேஸுக்கு இரு புறமும் உள்களத்துக்காரர்கள் இரண்டிரண்டு பேர், நால்வர் காலும் மண்பகுதியின் வெளி விளிம்பைத் தாண்டக் கூடாது. முன்பு அணி நிறுத்திவைத்த இடத்தால் கிடைத்த அவுட்டை இப்போது ஆட்டக்காரர் தன் காலால் ஓடி எடுக்க வேண்டும்.

இனி ஒப்பந்தம். டெல்டாக்காரர்களுக்கு இதைக் குத்தகையாகச் சொன்னால் போதும். ஒரு போகம் மட்டும் மிச்சமிருக்கும் நல்ல நிலமும், ஐந்து வருடக் குத்தகை மிச்சமிருக்கும் நடுத்தர நிலமும் ஒரே விலைக்குப் போகாது. குத்தகைப் பணம் எவ்வளவு என்பதும் சேர்ந்தது அது. செகண்ட் பேஸ்மேன் கெட்டல் மார்ட்டே 2025 ஏப்ரலில் அரிசோனா அணியோடு ஆறு வருடத்துக்கு 11.65 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். 2024இல் 36 ஹோம் ரன் அடித்து நேஷனல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி வாக்கெடுப்பில் மூன்றாவதாக வந்தவர், இரு கையிலும் அடிப்பவர். அந்தத் தரத்துக்கு அந்தச் சம்பளம் குறைவு, அதனால்தான் 2025 குளிர்காலத்தில் டிரேட் பேச்சில் அவர் பெயர் அடிபட்டது. சிகாகோ கப்ஸின் நிக்கோ ஹோர்னர் வேறு வகை. 2023, 2025 இரண்டிலும் சிறந்த ஃபீல்டருக்கான கோல்ட் க்ளவ் விருது. ஹோம் ரன் குறைவு. அந்தக் குளிர்காலத்தில் அவருடைய மூன்று வருட, 3.5 கோடி டாலர் ஒப்பந்தம் 2026 சீசனோடு முடிவதாக இருந்தது. ஒரு போகம்தான் மிச்சம், ஆனால் விளைச்சல் உறுதி. அந்த ஒரே வருடம் ஜெயிக்க நினைத்த அணிக்கு நான் ஹோர்னரையே சொல்லியிருப்பேன்.

இன்னொரு செகண்ட் பேஸ்மேன் பிராண்டன் லோ 2025இல் டாம்பா பே அணிக்கு 31 ஹோம் ரன் அடித்தார். எண்ணைப் பார்த்து மயங்குவதற்கு முன் இரண்டு விஷயம். மில்டன் புயலில் கூரை பிய்ந்ததால் அந்த அணி அந்த வருடம் தன் அரங்கத்தில் ஆடவில்லை, நியூயார்க் யாங்கீஸ் அணியின் வசந்தகாலப் பயிற்சி மைதானத்தில் ஆடியது. பல வருடச் சராசரியில் போடும் மைதானத் திருத்தம் இப்படி ஒரு வருடம் மட்டும் ஆடிய மைதானத்துக்குச் சரியாகப் பொருந்தாது. ஆகவே சொந்த மைதானம், வெளி மைதானம் என்று பிரித்துப் பாருங்கள். அடுத்தது, அவர் இடது கை பேட்டர். இடது கை பந்துவீச்சுக்கு எதிரான எண்களைத் தனியே எடுத்தால் மதிப்பு இறங்கும். டிசம்பரில் அவர் பிட்ஸ்பர்க் போய்ச் சேர்ந்தார். டெக்ஸாஸின் செகண்ட் பேஸ்மேன் மார்கஸ் செமியனை நியூயார்க் மெட்ஸ் வாங்கியபோது பதிலுக்கு வெளிக்கள ஆட்டக்காரர் பிராண்டன் நிம்மோவைக் கொடுத்தது. அங்கே பேசியது வயதும் சம்பளமும்தான்.

பேஸ்பால் டிரேட் வேல்யூஸ் மாதிரியான தளங்கள் எதிர்பார்க்கும் ஆட்டத்திலிருந்து சம்பளத்தைக் கழித்து ஒரு எண் தருகின்றன. தொடக்கத்துக்கு நல்லது. ஆனால் மறுக்கும் உரிமை அந்த எண்ணில் தெரியாது. பத்து வருட சேவை, அதில் கடைசி ஐந்து ஒரே அணியில் என்றால் ஆட்டக்காரர் எந்த டிரேடையும் தடுக்கலாம். மார்ட்டே 2026 சீசன் தொடக்கத்தில் அந்த வாசலுக்கு வரவிருந்தார். அதற்கு முன்னால் விற்க வேண்டிய நெருக்கடி அணிக்கு இருந்தது என்பதை எந்த அட்டவணையும் காட்டவில்லை.

செய்திக்கு எம்எல்பி டிரேட் ரூமர்ஸ் போதும். மூலச் செய்தியாளரின் இணைப்பைத் தருகிறார்கள், அதைத் திறந்து படியுங்கள். ‘கேட்டார்கள்’ என்பதும் ‘பேசுகிறார்கள்’ என்பதும் வேறு. 2025இல் டிரேடுக்கான கெடு அமெரிக்கக் கிழக்கு நேரப்படி ஜூலை 31 மாலை 6 மணி, நமக்கு ஆகஸ்ட் 1 விடியற்காலை 3.30, ஆடிப்பெருக்குக்கு இரண்டு நாள் முன்னால். கெடு முடிந்து அரை மணிக்குப் பிறகும் அறிவிப்புகள் வரும், அதனால் 4.15க்கு எழுந்தால் எல்லாம் பார்த்துவிடலாம்.