ஜாங்கோ டீபக் டூல்பாரும் எக்ஸ்ப்ளெயின் அனலைஸும்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

ஜாங்கோ என்ற பைத்தான் வலைக் கட்டமைப்பில் எழுதி போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் தரவைச் சேமிக்கும் வலைச் செயலிகளில் குவெரிகளின், அதாவது தரவுத்தளத்துக்கு அனுப்பும் கேள்விகளின், பிழைகளைத் தேட, பல ஆண்டுகளாக இரண்டு கருவிகளைப் பயன்படுத்தி வருகிறேன். டீபக் டூல்பார் ஒரு பக்கத்துக்கு எத்தனை குவெரிகள் ஓடின என்று காட்டுகிறது. போஸ்ட்கிரெஸின் எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் கட்டளை ஒரு குவெரி எந்த வழியில் ஓடியது என்று காட்டுகிறது. ஒன்று இருந்தால் மற்றொன்று வேண்டாம் என்று சொல்லவே முடியாது.

டூல்பாரின் எஸ்கியூஎல் பகுதியில் நேரத்தைவிட எண்ணிக்கையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 50 ஆர்டர்களைப் பட்டியலிடும் பக்கத்தில் அதன் எச்டிஎம்எல் டெம்ப்ளேட் ஒவ்வோர் ஆர்டருக்கும் வாடிக்கையாளர் பெயரைக் கேட்டால், மொத்தம் 51 குவெரிகள் ஓடும். நம் கணினியில் ஒவ்வொன்றும் நொடிப்பொழுதில் முடிந்துவிடுவதால் குறை கண்ணில் படாது. தரவுத்தளம் வேறொரு சர்வரில் இருக்கும்போதுதான் ஒவ்வொரு குவெரியும் போய்த் திரும்பும் நேரம் சேர்ந்து தாமதமாகும். ஒரே மாதிரியானவற்றை டூல்பார் தனியே குறித்துக் காட்டுவதால் பிழையின் இடம் உடனே தெரிகிறது. தொடர்புடைய டேபிளின் தரவையும் அதே குவெரியில் எடுக்கும் செலக்ட் ரிலேட்டட் (select_related) சேர்த்தால் 51 என்பது ஒன்றாகிவிடும். அந்த எண்ணிக்கை மறுபடி ஏறாதபடி குவெரி எண்ணிக்கையைச் சரிபார்க்கும் அசெர்ட்நம்குவெரீஸ் (assertNumQueries) கொண்டு ஒரு டெஸ்ட்டும் எழுதிவிடுவது நல்லது.

ஆனால் டெவலப்மென்ட் தரவுத்தளத்தில் சில நூறு வரிசைகளே இருக்கும். அவ்வளவு சிறிய டேபிளில், வரிசைகளை விரைவாகத் தேட உதவும் இண்டெக்ஸ் இருந்தாலும், குவெரியை ஓட்டும் வழியை (பிளானை) முடிவு செய்யும் பிளானர் முழு டேபிளையும் படிப்பதே சரி. எனவே அங்கே கிடைக்கும் பிளானை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. உண்மையான அளவுள்ள நகலில்தான் எக்ஸ்ப்ளெயினை ஓட்ட வேண்டும்.

ஒரு நாளின் ஆர்டர்களை எடுக்க, உருவான நேரத்தைக் கொண்ட நெடுவரிசையில், தேதியை மட்டும் ஒப்பிடும் டேட் லுக்கப்பைப் பயன்படுத்துவது வழக்கம். நேர மண்டல ஆதரவு இயங்கும்போது, ஜாங்கோ அந்த நெடுவரிசையின் மதிப்பை நடப்பு நேர மண்டலத்துக்கு (எடுத்துக்காட்டாக, ஆசியா/கொல்கத்தா) மாற்றி, பிறகு தேதியாக்கி ஒப்பிடுகிறது. இப்படி நெடுவரிசை ஒரு கணக்கீட்டுக்குள் போய்விடுவதால் அதன் மேலிருக்கும் சாதாரண இண்டெக்ஸ் பயன்படாது. பிளானில் முழு டேபிளையும் படிக்கும் சீக்வென்ஷியல் ஸ்கேனும், அதன் கீழே வடிகட்டித் தள்ளப்பட்ட வரிசைகளின் பெரிய எண்ணும் தெரியும். அந்நாளின் தொடக்க நேரத்துக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்து, மறுநாள் தொடக்கத்துக்குக் குறைவாகவும் இருக்க வேண்டும் என்று எழுதினால் இண்டெக்ஸ் வேலை செய்யும். பைத்தான் வரியை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்; இந்த ஒன்றுக்காகவே எக்ஸ்ப்ளெயினைப் படிக்கப் பழகலாம்.

படிக்கும்போது இரண்டில் கவனம் வேண்டும். ஒரு படி பலமுறை சுழன்றிருந்தால் அங்கே காட்டப்படும் நேரம் ஒரு சுற்றின் சராசரியே. எத்தனை முறை சுழன்றது என்று காட்டும் லூப்ஸ் எண்ணால் பெருக்கித்தான் பார்க்க வேண்டும். மேலும், அனலைஸ் சேர்த்தால் குவெரி உண்மையாகவே ஓடும் என்பதால், அப்டேட், டெலீட் ஆகியவற்றைப் மாற்றங்களைத் தொடங்கி, பின் திரும்பப் பெறும் பிகின், ரோல்பேக் இரண்டுக்கும் நடுவில் வைத்தே சோதிக்க வேண்டும்.

எந்தக் குவெரியை முதலில் எடுத்து ஆராய்வது என்பதற்கு, ஓடிய குவெரிகளின் புள்ளிவிவரங்களைச் சேகரிக்கும் போஸ்ட்கிரெஸ் நீட்சியான பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் (pg_stat_statements) உதவுகிறது. அதில் சராசரி நேரத்தை விட்டு மொத்த நேரத்தின்படி வரிசைப்படுத்தினால், சிறியதாக இருந்தும் ஓயாமல் ஓடும் குவெரிகள் மேலே வந்து நிற்கும். அதை இயக்கத் தரவுத்தள சர்வரை மறுதொடக்கம் செய்ய வேண்டியிருப்பதால், செயலியை முதன்முதலில் அமைக்கும்போதே சேர்த்துவிடுமாறு பரிந்துரைக்கிறேன்.