அரை மணிக் கோணலோடு ஒரு வாட்ச்: இரண்டு வருடத்துக்கு மேல் கட்டிய அனுபவம்

துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் மல்லிகைப்பூ அனுப்பும் ஒரு சின்ன கம்பெனியில் கணக்கு எழுதுவதும் போன் பேசுவதும் என் வேலை. மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் விடியற்காலையில் பூ எடுத்து, ஐஸ் வைத்துக் கட்டி அனுப்பிவிட்டு, அந்தப் பக்கம் இருப்பவரிடம் சரக்கு கிளம்பிவிட்டது என்று சொல்ல வேண்டும். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். போனிலேயே உலக நேரம் தெரியுமே என்பீர்கள். ஐஸ் தண்ணீர் சொட்டும் விரலால் போனைத் தடவினால் அது கேட்காது. வாட்சுக்கு அந்தத் தொந்தரவு இல்லை.

இரண்டு நேரம் காட்டும் வாட்ச் கடையில் கிடைக்காமல் இல்லை. 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று சுற்றும் நாலாவது முள் இருக்கும். அதை வேறு ஊர் நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். 1950களில் விமானிகளுக்காக வந்த ஏற்பாடு இது. ஆனால் அந்த முள் ஒவ்வொரு மணியாகத்தான் தாவும். உலகத்தில் பெரும்பாலான ஊர்களுக்கு நடுவே முழு மணி வித்தியாசம்தான், அவர்களுக்குச் சரி. நம் நேரமோ 82.5 பாகை தீர்க்கரேகையை வைத்து எடுத்தது. 15 பாகைக்கு ஒரு மணி என்றால் லண்டன் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால் என்று வருகிறது. (மதுரை 78 பாகை சொச்சத்தில் இருக்கிறது. அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வரும்போது வாட்சில் ஏறக்குறைய 12.17 ஆகியிருக்கும். அது வேறு கதை.) அந்த அரை மணி துபாய், சிங்கப்பூர், லண்டன், நியூயார்க் என்று எங்கே போனாலும் கூடவே வருகிறது.

வாட்சைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் லண்டன் நேரம் தெரியும் என்ற பழைய வித்தை பலருக்குத் தெரிந்திருக்கும். நமக்குக் காலை 10 மணி என்றால் தலைகீழாக 4.30 மாதிரித் தெரியும். அங்கே குளிர்காலத்தில் அது சரியான நேரம். அந்த அரை மணியை ஒருவர் சாதகமாக்கிக்கொண்டது அங்கே மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

உதாரணத்துக்கு, இங்கே காலை 7.50. துபாயில் 6.20. சாதாரண வாட்சில் அந்த நாலாவது முள் 5.50க்கு நிற்கும், இல்லையென்றால் 6.50க்கு. இரண்டும் தப்பு. அரை மணியைக் கூட்டிக் கழித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று சொல்வார்கள். விடியற்காலை மூன்று மணியிலிருந்து விழித்திருக்கிறவனிடம் சொல்லிப் பாருங்கள்.

அதனால் 2023 ஆகஸ்டில் பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, நானே ஒன்று செய்யலாம் என்று இறங்கினேன். மெஷின், ஜப்பான் கம்பெனியான சீகோவின் என்எச்34. ஆட்டோமேட்டிக், சாவியும் கொடுக்கலாம், முழுக்க ஏறினால் 41 மணி நேரம் ஓடும். மியோட்டா 9075 என்று இன்னொன்று உண்டு. அதில் உள்ளூர் மணி முள்தான் தாவும். அடிக்கடி விமானம் ஏறுகிறவருக்கு அதுதான் நல்லது, ஊர் மாறினால் மணி முள்ளை மட்டும் நகர்த்திக்கொள்ளலாம். நான் போன் பேசுகிறவன், மதுரையை விட்டு நகராதவன். எனக்கு 24 மணி முள் தாவினால் போதும், விலையும் குறைவு.

யோசனை ரொம்ப எளிது. முள் என்பது அச்சில் அழுத்திச் சொருகியதுதானே? சொருகும்போதே அரை மணி தள்ளிச் சொருகிவிட்டால்? அப்புறம் எத்தனை மணி தாவினாலும் அந்த அரை மணி மாறாது. 24 மணிக் கணக்கில் அரை மணி என்பது 7.5 பாகை.

டவுன் ஹால் ரோடு பக்கம் ஒரு சந்தில் உட்கார்ந்திருக்கும் வாட்ச் ரிப்பேர் பெரியவரிடம் கொண்டுபோனேன். எச்எம்டி வாட்சுகளிலேயே ஆயுசைக் கழித்தவர். லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன தம்பி, நாலு முள்ளுல ஒண்ணை மட்டும் கோணலா வைக்கச் சொல்றீங்க?"

"கோணல் இல்லய்யா, அரை மணி தள்ளி."

"நாளைக்கு வேற யாராவது தொறந்து பாத்தா, வச்சவனுக்குக் கண்ணு தெரியலன்னு என்னையத்தான் பேசுவான்."

சொல்லிக்கொண்டேதான் வைத்தார். தேதி மாறும் புள்ளிக்கு மெஷினைச் சுற்றி நிறுத்தி, மணி முள்ளும் நிமிட முள்ளும் 12இல், 24 மணி முள் மட்டும் தள்ளி. அங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். 24 மணி அளவுகோலை டயலில் அச்சடிக்காமல், அதைச் சுற்றி வரும் வளையத்தில் போட்டிருந்தேன். முள் சொருகும் நேரத்தில் வளையம் கேஸில் இருக்கும், டயல் அவர் கையில் இருக்கும். டயலில் இருந்தது நிமிடக் கோடுகள் மட்டுமே, ஒவ்வொன்றும் 6 பாகை. ஒரு கோடு தள்ளி வைத்துவிட்டார். 1.5 பாகை குறைந்தது, அதாவது ஆறு நிமிடம். பெரிதாகத் தெரியாது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் இங்கே 7.30 ஆகும் ஒவ்வொரு நாளும் அந்த முள் ஆறாம் மணிக் கோட்டைத் தொடாமல் ஓரமாக நிற்பது உறுத்திக்கொண்டே இருந்தது. மூன்று வாரம் கழித்து 7.5 பாகைக் கோடு போட்ட ஒரு காகித வட்டத்தோடு மறுபடி போய் நின்றேன். நீங்கள் செய்வதாக இருந்தால் 24 மணி அளவுகோலை டயலிலேயே, அரை மணிக் கோடுகளோடு போட்டுவிடுங்கள்.

சிங்கப்பூருக்குச் சுற்றும் பெசல், அதாவது கண்ணாடியைச் சுற்றி வெளியே கிளிக் கிளிக்கென்று திரும்பும் வளையம். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் சரியாக நாலு மணி வித்தியாசம், முழு மணி. முள் அரை மணியைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டுவிட்டதால் பெசலுக்கு 24 கிளிக் போதும். பெசலை நாலு கிளிக் இடப்பக்கம் திருப்பி விட்டேன். அதே முள் உள்வளையத்தில் துபாயையும் வெளிவளையத்தில் சிங்கப்பூரையும் காட்டுகிறது. முள்ளை நேராக வைத்துவிட்டு அரை மணியைப் பெசலில் சரிசெய்வேன் என்றால் 48 கிளிக் வேண்டும். டைவிங் வாட்சுகளில் வரும் 120 கிளிக் பெசலை மாட்டினால் ஒரு கிளிக் 3 பாகை. 7.5க்கு இரண்டரை கிளிக், நிற்கவே நிற்காது.

வளையத்தில் முதலில் தமிழ் எண்கள்தான் போட நினைத்தேன். ௧, ௨, ௰ என்று வரைந்து 40 மில்லிமீட்டர் கேஸுக்குச் சுருக்கிப் பார்த்தால் ௧ எது, ௯ எது என்று எனக்கே தெரியவில்லை. விட்டுவிட்டேன். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை சந்தன நிறம், மீதி கருநீலம். எண்ணைப் படிக்காமலே அங்கே தூங்கும் நேரமா என்று தெரிந்துவிடுகிறது. இந்த வாட்சில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இனி குறைகள். பெசலின் கீழே இருக்கும் ஸ்பிரிங் ஒரு வருடத்தில் தளர்ந்துவிட்டது. கவனிக்காமல் ஒருநாள் சட்டைக் கை பட்டு ஒரு கிளிக் நகர்ந்திருக்கிறது. நான் சிங்கப்பூர்க்காரரைச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டு, காலை வணக்கம் சொன்னேன். ஸ்பிரிங்கைப் பெரியவர் வளைத்துக் கொடுத்தார், இப்போது பரவாயில்லை.

சாவி கொடுக்கும் குமிழின் முதல் இழுப்பில் ஒரு பக்கம் திருப்பினால் தேதி, மறுபக்கம் திருப்பினால் 24 மணி முள். அவசரத்தில் மாறிப்போனால் ஒரு மாதத் தேதியையும் சுற்றிக்கொண்டு வர வேண்டும். முள்ளும் ஒரே திசையில்தான் தாவும். துபாயும் சிங்கப்பூரும் கோடைக்கு நேரம் மாற்றுவதில்லை என்பதால் நான் தப்பித்தேன். பிள்ளை லண்டனில் இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை ஒரு கிளிக், இன்னொரு முறை 23 கிளிக்.

தண்ணீர் போனது என் குற்றம். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் அதிகாலை, நேரம் சரிசெய்துவிட்டு சாவியைத் திருகி மூட மறந்து போய்விட்டேன். கூட்டத்தில் தோல்பையிலிருந்து பீய்ச்சிய தண்ணீர் முழங்கை வரை நனைத்தது. வெயில் ஏறியதும் கண்ணாடிக்கு உள்ளே பனி. அன்றே திறந்து காயவைத்து ரப்பர் வளையம் மாற்றியதால் மெஷின் பிழைத்தது.

ஒரு தடவை திடீரென்று நாளுக்கு மூன்று நிமிடம் வேகமாக ஓடியது. போன் கவரில் இருந்த காந்தத்தால் வந்தது. காந்தம் எடுக்கும் பெட்டியில் ஒரு நொடி காட்டினதும் பழையபடி ஆனது. இப்போது நாளுக்கு ஏழெட்டு நொடி கூடுதல், கம்பெனி சொல்லும் கணக்கு மைனஸ் 20இலிருந்து பிளஸ் 40 வரை என்பதால் குறை சொல்ல முடியாது. தோல் ஸ்ட்ராப் மட்டும் நம் ஊர் வேர்வையில் ஒரு கோடை தாங்கவில்லை, நைலானுக்கு மாறிவிட்டேன். எல்லாம் சேர்த்து 19,000 சொச்சம் ஆனது.

போன மாதம் நண்பர் ஒருவர் இதே மாதிரி வேண்டும் என்று வந்தார். மகன் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் இருக்கிறான். அடிலெய்டும் நம்மைப் போல அரை மணி ஊர்தான், ஆகையால் நமக்கும் அவர்களுக்கும் நாலு மணி, அங்கே கோடையில் ஐந்து மணி, எல்லாம் முழு மணி வித்தியாசம். முள்ளை நேராகவே வைக்கலாம் என்று பெரியவரிடம் அழைத்துப்போனேன்.

"அப்பாடா" என்றார் பெரியவர்.