சீதா எலிய வீதியோரத்து கூஸ்பெரி கிவி ஜாமும் என் வீட்டில் தீய்ந்த சட்டியும்

நுவரெலியாவில் இருந்து வெலிமடைக்குப் போகும் வீதியில், சீதை அம்மன் கோயிலைத் தாண்டி ஹக்கலைப் பூங்கா வருவதற்கு முன்னால், கரட்டும் லீக்ஸும் ஸ்ட்ரோபெரியும் அடுக்கி வைத்த தகரக் கடைகள் இருக்கின்றன அல்லவா, அதில் ஒன்றில்தான் இந்த ஜாமை வாங்கினேன். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. நீலத் தார்ப்பாய், மரப் பெஞ்சு, பெஞ்சின் மேல் பழைய ஹோர்லிக்ஸ் போத்தல் முதல் தேன் போத்தல் வரை கலந்து கட்டி ஒரு 20 போத்தல், அவ்வளவுதான். ஒரு சின்னக் காகிதத் துண்டில் பேனையால் 'கூஸ்பெரி கிவி' என்று எழுதி ஒட்டியிருந்தது. நடுத்தரப் போத்தல் 850 ரூபா. டிசம்பர் கடைசி, ஐந்து மணிக்கே கை விறைக்கிற குளிர், விலையைக் கேட்டதும் வைத்துவிட்டு வரத்தான் நினைத்தேன்.

வைத்துவிட நினைத்ததற்கு விலை மட்டும் காரணமில்லை. கூஸ்பெரி என்றால் நெல்லிக்காய் என்றுதான் எனக்கு மனதில் பதிந்திருந்தது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறேன். நெல்லிக்காயில் ஜாம் போட்டால் துவர்க்காதா என்று கேட்டேன். கடைக்கார அக்கா சிரித்துவிட்டு, "நெல்லிக்கா இல்ல டீச்சர், இந்தா பாருங்க" என்று பெஞ்சுக்கு அடியில் இருந்து ஒரு பிடி எடுத்துக் காட்டினார். (நான் டீச்சர் என்று யார் சொன்னது? எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்களோ.) காய்ந்த காகிதம் மாதிரி ஓர் உறை, அதை உரித்தால் உள்ளே மஞ்சளாகக் கோலிக்குண்டு அளவில் பழம். இதையா சொல்கிறீர்கள் என்று ஆகிவிட்டது எனக்கு. சின்ன வயதில் தேயிலைக்கு நடுவே பற்றைக்குள் தேடித் தேடிப் பறித்துத் தின்ற பழம் அது, காசு கொடுத்து வாங்குகிற பொருளாக அதை நினைத்ததே இல்லை.

இந்தப் பெயர் குழப்பம் எங்கள் ஊரோடு முடிகிற விஷயம் இல்லை. வெள்ளைக்காரன் ஊரில் முள்ளுச் செடியில் காய்க்கும் உண்மையான கூஸ்பெரி வேறு இனம், நம் நெல்லிக்கு அது சொந்தமே இல்லை. இந்த மஞ்சள் பழம் தக்காளி, கத்தரி குடும்பம், பிறந்த இடம் தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலை, தென்னாபிரிக்காவின் கேப் பகுதியில் பயிரிட்டதால் கேப் கூஸ்பெரி என்று பெயர். நம் நாட்டுக் கெட்டம்பில்லாப் பழத்தை 'சிலோன் கூஸ்பெரி' என்கிறார்கள். கிவி மட்டும் என்ன, அதற்கும் முன்னர் சீனக் கூஸ்பெரி என்றுதான் பெயர். 1904இல் ஓர் ஆசிரியை சீனாவில் இருந்து நியூசிலாந்துக்கு விதை கொண்டுபோனார், 1959இல் அங்கேயுள்ள ஓர் ஏற்றுமதிக் கம்பனி விற்பனைக்காகக் கிவி என்று பெயரை மாற்றியது. ஆக அக்கா விற்பது பெயரளவில் பார்த்தால் கூஸ்பெரி கூஸ்பெரி ஜாம்!

சரி, ருசிக்கு வருகிறேன். போத்தலைத் திறந்தவுடன் நிறம் ஏமாற்றும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிவி இருக்கிறது என்பதால் பச்சைப் பசேலென்று எதிர்பார்க்க வேண்டாம், பழுத்த வாழையிலை நிறத்தில் மஞ்சளும் பழுப்பும் கலந்து மங்கலாகத்தான் இருக்கும். அதுதான் நல்லது. கிவியின் பச்சை, புளிப்போடு சேர்ந்து கொதித்தால் மங்கிவிடும், இலைக்கறி அதிகம் வெந்தால் நிறம் மாறுவது போலத்தான். எங்காவது கிவி ஜாம் மரகதம் மாதிரி மின்னினால் சாயம் இருக்கிறதா என்று பாருங்கள். வாயில் வைத்ததும் முதலில் புளிப்பு, கொஞ்சம் கழித்து இனிப்பு, கடைசியில் அன்னாசியும் தக்காளியும் சேர்ந்தாற்போல ஒரு வாசனை மூக்கில் ஏறும். கிவியின் கறுப்பு விதை பல்லில் நறுக்கென்று கடிபடும், என் மகனுக்கு அது பிடிக்காது, எனக்கு அதற்காகவே பிடிக்கும். கடையில் கிடைக்கும் மிக்ஸ்ட் ஃப்ரூட் ஜாமில் எந்தப் பழத்தின் ருசி தெரிகிறது, சொல்லுங்கள்? சிவப்பு ருசி என்று ஒன்றுதான் தெரியும். இதில் பழம் தெரிகிறது.

பாணுக்கு நல்லது, ஆனால் என் கணக்கில் இதற்குச் சரியான ஜோடி சுடச்சுட கோதுமை மா ரொட்டிதான். தோட்டத்து ரொட்டி மாதிரி கொஞ்சம் தடிப்பாக, தேங்காய்ப்பூ போட்டுச் சுட்டு, அதன் மேல் ஒரு கரண்டி. சூட்டில் ஜாம் இளகி ஓரத்தால் வழியும், விரலை நக்குவதற்கு வெட்கப்படக் கூடாது. மாமி ரொட்டி கூட வேண்டாம் என்று, ஹக்குரு (கருப்பட்டி) கடித்துக்கொண்டு பிளேன்டீ குடிப்பது போல, ஜாமைக் கரண்டியில் வைத்துக்கொண்டு குடிக்கிறார். ஜனவரியில் விடியற்காலை புல் மேல் வெள்ளையாகப் பனி உறைந்து கிடக்கும் நாட்களில் அந்த வழி எனக்கும் பிடித்துப்போய்விட்டது.

குறை இல்லாமல் இல்லை. போத்தலில் திகதி இல்லை, எப்போது காய்ச்சியது என்று அக்காவைக் கேட்டால்தான் தெரியும். இரண்டாம் முறை வாங்கிய இரண்டு போத்தலில் ஒன்று பாணி மாதிரி ஓடியது, ஒன்று சரியாக இருந்தது. மூடி ஒன்றின் உள்பக்கம் லேசாகத் துரு. கொதிக்கக் கொதிக்க ஊற்றி மூடித் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பதோடு அவர் வேலை முடிந்துவிடுகிறது, அதை நம்பி மாதக்கணக்கில் அலுமாரியில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. வாங்கினால் பிரிட்ஜில் வையுங்கள், சீக்கிரம் முடியுங்கள். முடியாமல் இருந்தால் ஆச்சரியம்தான்.

இப்போது என் சட்டிக் கதை. 850 ரூபா கொடுப்பதற்கு நாமே காய்ச்சினால் என்ன என்று புத்தி போனது. கொழும்பில் இருக்கும் தங்கச்சி ஒரு குறிப்பு அனுப்பினாள், குளிர் நாட்டுக்காரர்கள் பனிக்காலத்துக்கு என்று கோடையிலேயே காய்ச்சி வைக்கும் கூஸ்பெரி கிவி ஜாம், நம் பழத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றியது. 1 கிலோ பழம், 5 கிவி, முக்கால் கிலோ சீனி, ஒரு தேசிக்காய். 105 பாகை வந்ததும் இறக்கு என்று கீழே எழுதியிருந்தாள். அவள் செய்து படமும் அனுப்பியிருந்தாள், கண்ணாடி மாதிரி வந்திருந்தது. நான் இணையத்தில் ஒரு டிஜிட்டல் சமையல் வெப்பமானி ஓடர் பண்ணினேன்.

கொதிக்கிறது, கொதிக்கிறது, முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சாமான் 98, 99 என்று காட்டிவிட்டு நகரவே மாட்டேன் என்கிறது. குறிப்பில் 105 என்று இருக்கிறதே என்று நானும் விடாப்பிடியாகக் கிண்டிக்கொண்டு நின்றேன். 105 வந்தபோது சட்டியில் இருந்தது ஜாம் இல்லை, டொபி. அடி தீய்ந்து, கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. மாமி ஒன்றும் பேசாமல் மாஜரின் தடவிய தட்டில் அதைக் கொட்டி, கத்தியால் துண்டு போட்டு, பிள்ளைகளுக்கு டொபி என்று கொடுத்துவிட்டார். எனக்குக் கோபம் வெப்பமானி மேல். வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்துச் சோதித்தால் 94 காட்டியது. 100 காட்ட வேண்டிய இடத்தில் 94! உடனே விற்றவருக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்து, பழுதான பொருளை ஏமாற்றி அனுப்பிவிட்டார்கள் என்று காரசாரமாக எழுதிப் போட்டேன்.

திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் இதைச் சொல்லிப் புலம்பினால், விஞ்ஞானம் படிப்பிக்கும் சேர் தேநீர் புரையேறும் அளவுக்குச் சிரிக்கிறார். நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1,868 மீற்றர் உயரம். மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், சுமார் 300 மீற்றருக்கு ஒரு பாகை வீதம் தண்ணீரின் கொதிநிலையும் இறங்கும். இங்கே தண்ணீர் 94இல் கொதிப்பதுதான் நியாயம், வெப்பமானி பொய் சொல்லவில்லை. பருப்பு இங்கே சுணங்கி வேகிறதே என்று வருஷக்கணக்காகப் பருப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன், அதற்கும் இதுதான் காரணமாம். தண்ணீர் கொதிக்கும் அளவில் இருந்து நாலு, நாலரை பாகை கூடினால் ஜாம் பதம், அப்போது சீனி ஏறக்குறைய 65 வீதத்துக்கு வந்திருக்கும். கொழும்பில் அது 104, 105. இங்கே 98 தாண்டினால் போதும். ஹட்டன் கொஞ்சம் பள்ளம், அங்கே சுமார் 100. நான் கிண்டிய கிண்டலுக்கு டொபி வந்ததே பெரிய விஷயம். அன்றைக்கே அந்த விமர்சனத்தை அழித்து, மன்னிப்பும் எழுதி, நட்சத்திரத்தை ஐந்தாக்கினேன். ஐந்தும் தகும், மின்கலம் சீக்கிரம் தீர்கிறது என்பதைத் தவிர அதில் ஒரு குற்றமும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை அக்காவிடம் போய் இதைச் சொன்னால், அவர் வெப்பமானியைக் கண்ணால் கண்டதே இல்லை. "பீங்கான் தட்ட வெளிய கல்லுல வெச்சிருவேன் டீச்சர், பனியில சில்லுனு ஆயிரும். ஒரு சொட்டு விட்டு வெரலால தள்ளுனா சுருங்கணும். சுருங்குனா எறக்கிருவேன்." உலகத்தில் எல்லோரும் குளிர்பெட்டிக்குள் தட்டை வைத்துச் செய்யும் அதே சோதனை, இவருக்குக் குளிர்பெட்டி வெளியிலேயே இருக்கிறது. 2022இல் கேஸுக்கு வரிசையில் நின்ற காலத்தில் விறகு அடுப்பில் ஸ்ட்ரோபெரி ஜாம் காய்ச்சத் தொடங்கியவர், விறகு அடுப்பை இன்னும் விடவில்லை. கிவி எப்படிக் கட்டுப்படியாகிறது என்று கேட்டேன். ஹோட்டல்களுக்குப் பழம் ஏற்றிவரும் லொறிக்காரத் தம்பி மிஞ்சியதைக் குறைத்துக் கொடுப்பாராம். அதனால்தான் சில கிழமை கூஸ்பெரி மட்டும், கிவி இருக்காது. மழை கூடினால் பழம் செடியிலேயே வெடித்துவிடும், அப்போது இரண்டும் இருக்காது.

அவர் சொன்னதில் எனக்குப் பெரிதும் உதவியது இதுதான்: நன்றாகக் கனிந்த பழத்தை மட்டும் போடாமல், மஞ்சள் பிடித்து இன்னும் கெட்டியாக இருப்பதையும் கொஞ்சம் கலக்க வேண்டும். ஜாமை உறைய வைக்கும் பெக்டின் அதில்தான் கூட, பழம் கனியக் கனியக் குறையும். ஆனால் பச்சையாக இருப்பதைத் தொடக் கூடாது, இது தக்காளி, கத்தரி குடும்பம் என்றேனே, காயிலும் உறையிலும் நஞ்சுத் தன்மை உண்டு. இன்னொன்று, கிவி ஜெலியை உறைய விடாது என்று கேள்விப்பட்டுப் பயப்பட வேண்டாம். பெட்டி ஜெலியில் வேக வைக்காத கிவி போட்டால் உண்மையிலேயே உறையாது, அதில் உள்ள ஒரு நொதியம் ஜெலட்டினை அறுத்துவிடும். ஜாமில் ஜெலட்டின் இல்லை, கொதிக்கும்போது அந்த நொதியமும் செத்துவிடும்.

இரண்டாம் முறை 98.5இல் இறக்கினேன். தட்டில் சுருங்கியது, வெப்பமானியும் தட்டும் ஒரே பதில் சொன்னது மனதுக்கு நிம்மதி. நிரப்பி மூடிய போத்தல்களைத் திரும்பவும் கொதிநீரில் மூழ்க வைத்தேன். கடல் மட்டத்தில் 5 நிமிஷம் போதும், 6,000 அடிக்கு மேல் 15 நிமிஷம் வேண்டும், நம் ஊர் அந்தக் கோட்டைச் சற்றுத் தாண்டி நிற்கிறது. நாலு போத்தல் வந்தது. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அக்காவின் ஜாமையும் என்னுடையதையும் பக்கத்தில் வைத்தால் மகன் கூட அவருடையதைத்தான் எடுக்கிறான், விதையைத் துப்பித் துப்பித் தின்கிறான். கணக்குப் பார்த்தால் எனக்கு 5 கிவிக்கே அவருடைய ஒரு போத்தலின் காசு போய்விட்டது, சீனியும் கேஸும் டொபியான முதல் சட்டியும் வேறு.

ஹப்புத்தளை அடிசம் பங்களாவில் துறவிகள் விற்கும் ஜாமோடு ஒப்பிட முடியுமா என்று கேட்பவர்களுக்கு: அது வேறு வகை. 1931இல் வெள்ளைக்காரத் துரை கட்டிய பங்களா, இப்போது மடம், அவர்களின் கொய்யா ஜெலி வடிகட்டித் தெளிவாக, ஒழுங்கான லேபலோடு இருக்கும். வீட்டுக்கு வருபவர்களுக்குக் கொடுக்க அதை வாங்குவேன். வீட்டில் தின்ன இதை வாங்குவேன்.

போகிறவர்கள் கழுவிக் காய வைத்த போத்தலைக் கையோடு கொண்டுபோங்கள், 50 ரூபா குறைப்பார். திகதியைக் கேட்டு நீங்களே மூடியில் எழுதிக்கொள்ளுங்கள், வாங்கும்போது ஒரு தடவை சரித்துப் பாருங்கள், ஓடினால் வேறு போத்தல் கேட்கலாம், கோபிக்க மாட்டார். ஞாயிறு பத்து மணிக்குப் பிறகு போனால் கொழும்பு வேன்கள் வந்து அள்ளிக்கொண்டு போயிருக்கும், ஸ்ட்ரோபெரி மட்டும்தான் மிச்சம் இருக்கும்.