வீட்டில் சிப்பிக் காளான்: நாங்கள் வாங்கிய வளர்ப்புப் பை

அரையாண்டு விடுமுறையில் மகனோடு சேர்ந்து புதிதாக ஏதாவது கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு, 350 ரூபாய்க்குச் சிப்பிக் காளான் பை ஒன்று வாங்கினேன். வேகவைத்த வைக்கோலையும் காளான் வித்தையும் அடுக்கடுக்காக அடைத்த பை. காளானாக வளரும் பூசண இழை ஏற்கெனவே வெள்ளையாகப் படர்ந்திருந்தது. பிளேடால் நான்கு இடங்களில் கீறி, வெயில் படாத மூலையில் தொங்கவிட்டு, தினமும் மூன்று வேளை தண்ணீர் தெளித்தோம். அவ்வளவுதான் வேலை.

ஐந்தாம் நாள் காலை கீறலில் குண்டூசித் தலை அளவில் சாம்பல் நிற மொட்டுகள். மறுநாளே அவை சுண்டு விரல் அளவு! "அம்மா, ராத்திரி பூரா வளர்ந்திருக்கு" என்று பல் தேய்க்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். அந்த முகத்துக்காகவே இன்னொரு பை வாங்கலாம்.

ஒரு குறை. உள்ளே இருந்த குறிப்பு முழுக்க ஆங்கிலம், பொடி எழுத்து. எப்போது பறிப்பது என்றே அதில் இல்லை. முதல் கொத்தை ஒரு நாள் கூடுதலாக விட்டதில் விளிம்பு மேலே சுருண்டு காய்ந்துவிட்டது. சுருளும் முன்பே பறித்துவிடுங்கள். தாமதித்தால் வித்துத் தூளும் கொட்டும். வீசிங் இருப்பவர்களுக்கு ஆகாது.

இரண்டு பறிப்பில் அரை கிலோ கிடைத்தது. மிளகுப் பொடி, சின்ன வெங்காயம் போட்டு வதக்கினேன். காளானே தொடாத பையன் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். மிச்ச வைக்கோல் இப்போது கறிவேப்பிலைத் தொட்டியில் மட்குகிறது.