இலவச மின்னஞ்சலில் பன்னிரண்டு ஆண்டுகள், கட்டணச் சேவையில் மூன்று ஆண்டுகள்

2009-இல் அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு என்று தெரிந்தபோது, அக்கா பரிசோதனை முடிவுகளை மின்னஞ்சலில் அனுப்பினாள். கிரியேட்டினின் அளவு, அடுத்து மருத்துவரைப் பார்க்க வேண்டிய தேதி, கடைசியாக "அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே" என்று ஒரு வரி. படித்து முடிப்பதற்குள் திரையின் வலது ஓரத்தில் டயாலிசிஸ் மையம் ஒன்றின் விளம்பரம். பெற்ற தாய்க்கே மறைத்த செய்தி அது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அப்போது நான் வைத்திருந்தது ஓர் இலவசக் கணக்கு. மடலில் உள்ள சொற்களை எந்திரம் அலசி அதற்கேற்ற விளம்பரத்தைக் காட்டும். மனிதர் யாரும் படிப்பதில்லை என்பார்கள். அந்தப் பதில் என்னைச் சமாதானப்படுத்தியதே இல்லை. விதிமுறைகளுக்குச் சம்மதித்தவன் நான். வேறு முகவரியிலிருந்து எழுதிய அக்கா எதற்கும் சம்மதிக்கவில்லையே? ஜிமெயிலுக்கு வெளியிலிருந்து மடல் எழுதியவர்கள் அமெரிக்காவில் இதே கேள்வியோடு கூகுள் மீது வழக்குத் தொடுத்தார்கள்.

ஹாட்மெயில் 2 எம்பி இடம் தந்துகொண்டிருந்த 2004-இல் ஜிமெயில் 1 ஜிபி தருவதாக அறிவித்தது. விளம்பரத்துக்காக மடல்களை அலசுவதற்கு எதிர்ப்பும் அப்போதே கிளம்பியது. கலிபோர்னியாவில் லிஸ் ஃபிகுரோவா என்ற செனட்டர் அதைக் கட்டுப்படுத்த மசோதாவே கொண்டுவந்தார். விளம்பரங்களைத் தீர்மானிக்க மடல்களை அலசுவதை நிறுத்தப்போவதாக கூகுள் அறிவித்தது 2017 ஜூனில்தான். யாஹூ மெயிலில் அந்த வழக்கம் தொடர்வதாக 2018-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது.

விளம்பரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த நான் இன்னொரு கதவைக் கவனிக்கவில்லை. 2021-இல் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்தபோது, எப்போதோ ஒரு பயணத்துக்காக நிறுவிய செயலிக்கு என் எல்லா மடல்களையும் படிக்கும் அனுமதி இன்னும் இருந்தது. செயலியை நீக்கி ஆண்டுகள் ஆகியும் அனுமதி நீங்கவில்லை. இதைப் படிப்பவர்கள் இன்றைக்கே அந்தப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அந்த மாதமே புரோட்டான் மெயில் என்ற மின்னஞ்சல் சேவையில் பணம் கட்டிச் சேர்ந்தேன். வங்கி, வருங்கால வைப்பு நிதி, எரிவாயு, காப்பீடு என ஒவ்வொன்றிலும் முகவரியை மாற்றி முடிக்க எட்டு மாதம் பிடித்தது. விளம்பரம் அறவே இல்லை. மடலின் உள்ளே இருக்கும் சொற்களைத் தேட வேண்டுமானால் உலாவியில் அதற்கெனத் தனி வசதியை இயக்க வேண்டும். மடல்கள் சேவை நிறுவனமே படிக்க முடியாதபடி மறைகுறியாக்கத்தால் பூட்டிக் கிடப்பதால் தேடல் நம் கணினியிலேயே நடக்கிறது. முதல் முறை வெகுநேரம் எடுத்தது. ஆனால் தலைப்பு வரிக்கு அந்த முழுப் பூட்டு கிடையாது. ஆகவே நோய், பணம் பற்றி எதையும் தலைப்பில் எழுதுவதில்லை.

இதில் தீராத ஒன்று உண்டு. நான் மாறினாலும் எனக்கு எழுதுபவர்கள் மாறவில்லை. அக்கா இப்போது இருப்பது ஓர் இலவசச் சேவையில். அவளுக்கு நான் எழுதுவது அங்கே போய்த்தான் சேர்கிறது. அவளை மாறச் சொல்லி வற்புறுத்த எனக்கு மனமில்லை. போன மாதம் அம்மாவின் ஸ்கேன் அறிக்கையைக் கடவுச்சொல் போட்ட பிடிஎஃப் கோப்பாக அனுப்பினாள். கடவுச்சொல்லை மடலில் எழுதவில்லை. தொலைபேசியில் அழைத்து, "நம் பழைய வீட்டுக் கதவு எண்" என்றாள்.