பத்தாயிரம் ரூபாய்க்கு எட்டு இலக்கம்: சுங்கத்துறையின் அட்வான்ஸ் ரூலிங் சேவை எப்படி?

பவர் எலெக்ட்ரானிக்ஸ் பாகங்களை இறக்குமதி செய்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடலாம். சாதாரண மாஸ்ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்), டையோடு, கெப்பாசிட்டருக்கு இந்தச் சேவை வேண்டாம். இண்டக்டரும் (கம்பிச் சுருள்) கண்ட்ரோலரும் ஒரே உறைக்குள் இருக்கிற பவர் மாட்யூல் மாதாமாதம் வருகிறதா? விண்ணப்பித்துவிடுங்கள்.

சரக்கு கப்பலேறும் முன்பே அது டாரிஃபில், அதாவது சுங்கவரிப் பட்டியலில், எந்தத் தலைப்பில், எந்த எட்டு இலக்க எண்ணில் வரும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்வதுதான் அட்வான்ஸ் ரூலிங். 1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்திலேயே இதற்கு இடம் உண்டு. 2021 ஜனவரி முதல் தில்லியிலும் மும்பையிலும் இதற்கென்று தனி ஆணையங்கள் இயங்குகின்றன. கட்டணம் ஒரு கேள்விக்கு 10,000 ரூபாய். ஐ.இ.சி. எண் (இறக்குமதி, ஏற்றுமதி செய்பவருக்கான குறியீட்டு எண்) இருந்தால் போதும், விண்ணப்பிக்கலாம்.

இந்தக் கட்டணம் எதற்கு என்று கேட்பவர்கள் கீழ்க்கண்ட கணக்கைப் பார்க்கட்டும். மதிப்பு 10 லட்சம் ரூபாய் என்று வையுங்கள். ஐ.சி.க்களுக்கான (ஒருங்கிணைந்த மின்சுற்றுச் சில்லு) 8542ஆம் தலைப்பில் போனால் அடிப்படைச் சுங்கவரி இல்லை, ஐ.ஜி.எஸ்.டி. 18% மட்டும், 1,80,000. அதையே ஸ்டாட்டிக் கன்வர்ட்டர்களுக்கான (மின்சாரத்தை வேறு வடிவுக்கோ அளவுக்கோ மாற்றும் கருவி) 8504 40இல் போட்டு, அந்த வரிசைக்கு விகிதம் 20% என்றால், சுங்கவரி 2,00,000, அதன்மேல் 10% சமூக நலக் கூடுதல் வரி 20,000, பிறகு 12,20,000க்கு 18% ஐ.ஜி.எஸ்.டி. 2,19,600. மொத்தம் 4,39,600. ஐ.ஜி.எஸ்.டி.யைக் கிரெடிட்டில் எடுத்துவிடலாம். அந்த 2,20,000 மட்டும் கைக்காசு, திரும்பாது.

சிக்கல் எங்கே வருகிறது? மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் எல்.எம்.2596 என்ற பக் ரெகுலேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து கால் உறையில் தனியாக வந்தால் அது ஒற்றைச் சில்லு ஐ.சி., 8542. அதே சில்லை இண்டக்டர், இரண்டு எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர், ஒரு டிரிம்பாட்டோடு (திருகி அளவை மாற்றும் ரெசிஸ்டர்) சின்ன போர்டில் பொருத்தி விற்கிறார்களே, அது ஸ்டாட்டிக் கன்வர்ட்டர், 8504 40. இன்வாய்ஸில் இரண்டுக்குமே "டிசி-டிசி கன்வர்ட்டர்" என்று சப்ளையர் எழுதி அனுப்புவார். பாதித் தகராறு அந்த ஒரு வரியில்தான் தொடங்குகிறது.

மீதிப் பாதிக்குக் காரணம் டாரிஃபின் 85ஆம் அத்தியாயத்தின் 12ஆம் குறிப்பு. 2022 பதிப்புக்கு முன் இது 9ஆம் குறிப்பாக இருந்தது. பழைய தீர்ப்புகளைப் படிக்கும்போது இதை நினைவில் வைக்கவும். 8541 (டையோடு, டிரான்சிஸ்டர் போன்றவை), 8542க்குள் வரும் பொருளுக்கு, 8523 (பதிவு ஊடகங்கள்) நீங்கலாக, வேறு எந்தத் தலைப்பையும்விட இவற்றுக்கே முன்னுரிமை என்கிறது குறிப்பு. ஐ.சி. என்பதில் ஒற்றைச் சில்லு, ஹைப்ரிட், பலசில்லு, பல்கூறு என்று நான்கு வகை. கடைசி வகை 2017இல் சேர்ந்தது. ஐ.சி.யோடு 8504இன் இண்டக்டர், 8532இன் கெப்பாசிட்டர் போன்றவை பிரிக்க முடியாதபடி ஒரே உடலாகி, போர்டில் பற்றவைக்கும் கால்களோ பேடுகளோ இருந்தால் அதுவும் 8542தான். ஆக, இண்டக்டர் உள்ளே இருப்பதாலேயே 8504 என்று முடிவுகட்ட முடியாது. எப்படி இணைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். வெளித்தோற்றத்தில் இது தெரியாது, வெட்டுமுக வரைபடத்தில் தெரியும்.

நம் டாரிஃப் வேறு தன் பங்குக்குக் குழப்புகிறது. நான்கு டையோடைப் பிசினில் வார்த்த டிப் பிரிட்ஜ் ரெக்டிஃபையரை (ஏ.சி.யை டி.சி.யாக்கும் பாகம்) 8504 40 21 என்று பெயர் சொல்லியே வைத்திருக்கிறது. 12ஆம் குறிப்போ 8541 பக்கம் இழுக்கிறது. இப்படிப்பட்ட கேள்விக்குத்தான் பத்தாயிரம் செலவழிக்கலாம்.

மாஸ்ஃபெட் சமாச்சாரம் வேறு. அது வெப்பமாக வெளியேற்றக்கூடிய திறன் 1 வாட்டுக்குக் கீழா என்பதுதான் 8541 21ஆ, 29ஆ என்று பிரிக்கிறது. உலோகப் பட்டை போல வெப்பம் கடத்தும் வசதி உள்ள உறைக்கு உறையின் வெப்பநிலை 25 டிகிரியில் வரும் எண்ணைப் பார்க்க வேண்டும். வெறும் பிளாஸ்டிக் உறைக்கு அறை வெப்பநிலை எண். டேட்டாஷீட்டில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும், அவசரத்தில் தப்பானதை எடுப்பார்கள். டி.ஓ.-247 என்ற பெரிய உறைக்குக் கேள்வியே இல்லை, 29. இதற்கெல்லாம் ஆணையம் வரை போவது, கொசுவை அடிக்கப் பீரங்கி.

விண்ணப்பத்தில் சேவையின் தரம் பாதி உங்கள் கையில். டேட்டாஷீட்டை மட்டும் இணைத்தால் போதாது. பிளாக் வரைபடம், எக்ஸ்ரே அல்லது வெட்டுமுகப் படம், பாகப் பட்டியல், உறைக்குள் எதை எதனோடு எப்படி இணைத்தார்கள் என்று உற்பத்தியாளர் கையெழுத்திட்ட கடிதம், இவ்வளவும் வேண்டும். கேள்வியைப் பார்ட் எண்ணோடு கேளுங்கள். "பவர் மாட்யூல்கள்" என்று பொதுவாகக் கேட்டு வாங்கிய தீர்ப்பைச் சரக்கைப் பரிசோதிக்கும் சுங்க ஷெட்டில் யாரும் மதிக்க மாட்டார்கள்.

குறைகளும் உண்டு. சட்டப்படி மூன்று மாதத்தில் தீர்ப்பு வர வேண்டும். ஆனால் விண்ணப்பத்தின் நகல் சம்பந்தப்பட்ட கமிஷனரேட்டுக்குப் போய் அவர்கள் கருத்தும் வர வேண்டியிருப்பதால், அந்தத் தேதியை நம்பி ஷிப்மென்ட் பேசாதீர்கள். அதே கேள்வி ஏற்கெனவே உங்கள் வழக்காக அதிகாரியிடமோ தீர்ப்பாயத்திலோ நிலுவையில் இருந்தால் விண்ணப்பம் செல்லாது. நோட்டீஸ் வந்தபின் ஓடிப்போய்ப் பயனில்லை. தீர்ப்பு விண்ணப்பித்தவரையும் அவருக்குரிய சுங்க அதிகாரிகளையும் மட்டுமே கட்டும். போட்டியாளர் வாங்கியதைக் காட்டி வாதாடலாம், வற்புறுத்த முடியாது. ஆனாலும் வெளியாகும் தீர்ப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. விண்ணப்பிக்கும் முன் அவற்றைத் தேடிப் படிப்பது நல்லது, பல சமயம் அதுவே போதும்.

சரக்கு ஏற்கெனவே துறைமுகத்தில் நிற்கிறது என்றால் இந்தக் கதவைத் தட்டாதீர்கள். சுங்கச் சட்டத்தின் 18ஆம் பிரிவில் தற்காலிக மதிப்பீடு கேட்டு, பாண்ட் கொடுத்து எடுங்கள். டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஓடுவதாவது நிற்கும்.

தீர்ப்பு சட்டம் சொல்லும் காலம் வரை செல்லும், அதற்குள் சட்டமோ பொருளோ மாறாதவரை. இந்தப் "பொருளோ" என்பதைக் கவனியுங்கள். வெளியே இருந்த இண்டக்டரை உற்பத்தியாளர் ரிவிஷன் பி-யில் உறைக்குள் கொண்டுவந்து, பார்ட் எண்ணில் ஒரே ஓர் எழுத்தை மாற்றியிருப்பார். பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்துக்குத் தரும் இறக்குமதி அறிவிப்பு) போடும் முன் ஒவ்வொரு லாட்டின் லேபிளையும் தீர்ப்பில் உள்ள எண்ணோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லி உங்கள் கஸ்டம்ஸ் புரோக்கருக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.